முட்டை கேட்கும் பிள்ளை

(நெய்வேலி நகரியத்தில் மருத்துவமனை நண்பர்கள் கூடிய மாலைக் கூட்டத்தில் சிற்றாலய குருவானவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மாலையில் நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட பொருள் மிகவும் சிறியது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். எடை போட்டால் சுமார் 50 கிராம். ஆம், முட்டையைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். "முட்டையைப் பற்றி அரை மணி நேரம் பேசுவதற்கு என்ன இருக்கிறது, ஐயா?" என்று உங்களில் சிலர் புன்னகைப்பதைக் காண்கிறோம். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

நம் பேச்சு வழக்கில் முட்டைக்கு அவ்வளவு மரியாதை இல்லை. பரீட்சையில் ஒன்றும் எழுதாத பையனுக்கு வாத்தியார் போடுவது முட்டை. புத்தியில்லாதவனைத் திட்டினால் கூமுட்டை. ஆனால் அதே நம் முன்னோர், முட்டை என்று பொருள்படும் "அண்டம்" என்ற சொல்லாலேதான் இந்தப் பிரபஞ்சம் முழுவதையும் அழைத்தார்கள். பூஜ்யத்திற்கும் அதே பெயர், பிரபஞ்சத்திற்கும் அதே பெயர்! இந்த இரண்டுக்கும் நடுவில், சட்டியிலும் தட்டிலும், முட்டை நம்மோடு வாழ்ந்து வருகிறது.

வேதாகமத்தில் முட்டையைக் குறித்த இடங்கள் வெகு சிலவே. அவற்றில் ஒன்று லூக்கா சுவிசேஷத்தின் 11ஆம் அதிகாரத்தில் வருகிறது. பிள்ளை கேட்பதைத் தகப்பன் மறுப்பானா என்று ஆண்டவர் பேசும் பகுதி அது. மத்தேயு எழுதும்போது அப்பத்தையும் மீனையும் சொல்லி நிறுத்திக்கொள்கிறார். லூக்கா மாத்திரம் மூன்றாவதாக முட்டையையும் சேர்க்கிறார். அதற்கு எதிராகத் தேளை வைக்கிறார். லூக்காவை வைத்தியன் என்று பவுல் கொலோசெயருக்கு எழுதிய நிருபத்தில் குறிப்பிடுகிறார் அல்லவா? "வைத்தியர் கண்ணுக்கு முட்டை தப்பவில்லை" என்று நாங்கள் மருத்துவமனையில் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வதுண்டு. முட்டை கேட்கும் பிள்ளைக்கு நாம் என்ன கொடுக்கிறோம் என்ற அந்தக் கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டே மேலே செல்வோம்.

தாய் கட்டிவைத்த கட்டுச்சோறு

முட்டை என்பது என்ன? கூட இருந்து ஊட்ட முடியாத ஒரு தாய், தன் பிள்ளைக்கு முன்கூட்டியே கட்டிவைத்த கட்டுச்சோறு என்று சொல்லலாம். பசுவும் ஆடும் பால் கொடுக்கின்றன. கோழிக்குப் பால் இல்லை. ஆகவே குஞ்சு உருவாவதற்கு வேண்டிய புரதம், கொழுப்பு, இரும்பு, வைட்டமின்கள், தண்ணீர் அத்தனையையும் அளந்து உள்ளே வைத்து, சுண்ணாம்பு ஓட்டால் மூடி வைக்கிறது. அந்த ஓடு கெட்டியானதுதான். ஆயினும் கண்ணுக்குத் தெரியாத பல ஆயிரம் துளைகள் அதில் உண்டு. அவற்றின் வழியாக உள்ளே காற்று போகிறது, கரியமில வாயு வெளியே வருகிறது. அகன்ற முனையில் ஒரு சிறு காற்றறை இருக்கிறது. ஓட்டை உடைப்பதற்கு முன் குஞ்சு தன் முதல் மூச்சை அங்கேதான் இழுக்கிறது.

அடைகோழியைக் கவனித்தவர்களுக்குத் தெரியும். 21 நாட்கள் அது சரியாக உண்பதில்லை. அவசரமாக எழுந்து நாலு தானியத்தைக் கொத்திவிட்டு ஓடி வந்து உட்கார்ந்துகொள்ளும். கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளாதபடி முட்டைகளை அலகால் அடிக்கடி புரட்டிவிடும். குஞ்சுகள் வெளிவந்த பிறகு பருந்தின் நிழல் தெரிந்தால் செட்டைகளை விரித்து அத்தனையையும் உள்ளே சேர்த்துக்கொள்ளும். எருசலேமைப் பார்த்துத் துக்கித்த நம் ஆண்டவர், தம் அன்புக்கு ஒப்பாக ராஜாவையோ சிங்கத்தையோ தேர்ந்துகொள்ளாமல் இந்தக் கோழியைத்தான் தேர்ந்துகொண்டார்.

எல்லாத் தாயும் இப்படி அடைகாப்பதில்லை. நம் நகரியத்து மரங்களில் கூவும் குயில் காக்கையின் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடுகிறது. காக்கைதான் அடைகாத்து, இரை கொடுத்து வளர்க்கிறது. இங்கிருந்து பஸ்ஸில் கடலூருக்குப் போய்க் கடற்கரையில் நில்லுங்கள். ஜனவரி முதல் சில மாதங்கள், இரவு நேரத்தில் பங்குனி ஆமைகள் கரையேறி, மணலில் குழி பறித்து, ஒரு குழிக்குச் சுமார் 100 முட்டைகள் இட்டு, மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடுகின்றன. பிறகு அடைகாப்பது சூரியன்தான். ஏறக்குறைய 50 நாட்களில் குஞ்சுகள் வெளிவரும். மணலின் சூடு அதிகமானால் பெண் குஞ்சுகள் மிகுதியாகும், குறைந்தால் ஆண் குஞ்சுகள் மிகுதியாகும். நாயும் நரியும் தோண்டிவிடாதபடி அந்த முட்டைகளை வனத்துறையினரும் தன்னார்வலர்களும் இரவோடு இரவாக எடுத்து, வேலியிட்ட பொரிப்பகத்தில் புதைத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். தமிழகக் கடற்கரையில் பல ஆண்டுகளாக நடந்துவரும் நல்ல பணி இது.

உபாகமம் 22ஆம் அதிகாரத்தில் ஒரு சிறு கட்டளை இருக்கிறது. வழியில் ஒரு பறவைக் கூட்டைக் கண்டால், முட்டைகளோடு தாயையும் சேர்த்துப் பிடிக்கலாகாது. தாயைப் போகவிட வேண்டும் என்பது அதன் கருத்து. எடுத்துக்கொள்வதற்கு அனுமதி உண்டு, ஆனால் அதற்கும் ஒரு எல்லை உண்டு. சிருஷ்டியின் மேல் நமக்குள்ள உரிமையைப் பற்றி இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை.

ஏழைப் பிள்ளையின் தட்டில்

காட்டில் வாழும் கோழி வருஷத்திற்குப் பத்துப் பதினைந்து முட்டைகளே இடும். நம் வீட்டுக் கோழிகளின் மூதாதை அதுதான். இன்று பண்ணைகளில் வளர்க்கப்படும் முட்டைக் கோழி ஏறக்குறைய 20 வாரத்தில் முட்டையிடத் தொடங்கி, வருஷத்திற்கு 300 முட்டைகள் வரை இடுகிறது. நாமக்கல் இதற்குப் பேர்போன ஊர். தண்ணீர் குறைந்த அந்தப் பூமியில் 1970களிலிருந்து வளர்ந்த கோழிப் பண்ணைகள், தமிழ்நாட்டிற்கும் கேரளத்திற்கும் மட்டுமல்லாமல் வளைகுடா நாடுகளுக்கும் முட்டை அனுப்புகின்றன. நம் வட்டம் கடைத்தெருவில் அட்டை அட்டையாக அடுக்கியிருக்கிறார்களே, அப்படி முட்டை எந்தக் கடையிலும் கிடைக்கும் பண்டமானது அதற்குப் பிறகுதான். அதற்கு முன்பு விருந்தாளி வந்தால்தான் முட்டை. அல்லது வியாதி வந்தால்தான் முட்டை.

முட்டை மலிந்ததால் மட்டும் அது ஏழைப் பிள்ளையின் தட்டுக்கு வந்துவிடவில்லை. அதற்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. 1956இல் காமராஜர் காலத்தில் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் விரிவுபடுத்தப்பட்டது. 1982 ஜூலை 1ஆம் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1989இல் கருணாநிதி ஆட்சியில் இரண்டு வாரத்திற்கு ஒரு முட்டை என்று ஆரம்பமானது. 1998இல் வாரம் ஒன்று, 2006இல் வாரம் இரண்டு, 2007இல் மூன்று, 2010 முதல் பள்ளி நாட்கள் ஐந்திலும் தினம் ஒரு முட்டை. 2013இல் ஜெயலலிதா ஆட்சியில் கலவை சாதங்களும் மிளகு முட்டை, வெங்காய முட்டை, தக்காளி முட்டை போன்றவையும் வந்தன. இரண்டு வாரத்திற்கு ஒன்றில் தொடங்கி வாரத்திற்கு ஐந்தாவதற்கு 21 ஆண்டுகள் ஆயின. கட்சிகள் மாறின, ஆட்சிகள் மாறின. ஆனால் கொடுத்த முட்டையை ஒருவரும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை, கூட்டிக்கொண்டேதான் போனார்கள். பொதுவாழ்வில் இப்படி ஒரு காரியத்தைக் காண்பது அரிது. இதற்காக நாம் நன்றி சொல்லலாம்.

முட்டை உண்ணாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் கொடுக்கும் ஏற்பாடும் இந்தத் திட்டத்திலேயே உண்டு. இதை நாம் கவனிக்க வேண்டும். நம் நகரியத்திற்கு அடுத்த ஊர் வடலூர். 1867இல் வள்ளலார் அங்கே தருமச்சாலையை நிறுவினார். ஜாதி, மதம் கேளாமல் பசித்தவருக்குச் சோறிடும் அடுப்பு அங்கே அன்று முதல் எரிகிறது. புலால் மறுத்த அந்த மனிதரின் நெறியில் நடப்பவர்கள் நம் அயலார். நம் மருத்துவமனைக்கு வருபவர்கள். இந்தக் கூட்டத்திலும் அமர்ந்திருக்கிறார்கள். பண்ணை முட்டை சேவல் சேராத முட்டை, அதிலிருந்து ஒருநாளும் குஞ்சு வராது என்பது உண்மைதான். ஆனால் அதைச் சொல்லி ஒருவருடைய மனச்சாட்சியோடு வழக்காடுவது நம் வேலையல்ல. வேண்டாம் என்பவர் இலையில் முட்டையை வைப்பது அன்பல்ல. வேண்டும் என்று கேட்கும் ஏழைப் பிள்ளையின் தட்டிலிருந்து அதை விலக்குவதும் அன்பல்ல. ஒரே பந்தியில் ஒருவனுக்கு முட்டை, அடுத்தவனுக்கு வாழைப்பழம். இருவருக்கும் பசி தீருகிறது. இதைச் சத்துணவுக் கூடத்து அம்மாக்கள் வாதம் செய்யாமல் நடத்திக் காட்டுகிறார்கள்.

வார்டில் நாங்கள் காண்பது

இனி நம் மருத்துவமனை வார்டுகளுக்கு வருவோம். ஒரு முட்டையில் 6 கிராமுக்குச் சற்று மேல் புரதமும், சுமார் 70 கலோரியும் இருக்கின்றன. வைட்டமின் ஏ, டி, பி12 ஆகியவையும் உண்டு. வைட்டமின் சி கிடையாது; அதற்கு நெல்லிக்காயோ கொய்யாவோ வேண்டும். தீக்காயம் பட்டவர், அறுவைச் சிகிச்சை முடிந்தவர், பிரசவித்த தாய், காசநோய்க்கு மருந்து உண்பவர், டயாலிசிஸ் செய்துகொள்பவர் ஆகிய இவர்களுக்கெல்லாம் புரதம் வேண்டும். டயாலிசிஸ் நோயாளிக்கு வெள்ளைக்கருவைச் சேர்த்துக்கொள்ளும்படி டாக்டர்கள் சொல்வது வழக்கம். காசநோயாளிகளின் ஊட்டத்திற்காக மத்திய அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்து வந்தது; 2024 நவம்பரிலிருந்து அது 1000 ரூபாயாக உயர்ந்திருக்கிறது. ஜார்க்கண்டில் நடந்த ஒரு பெரிய ஆய்வின் முடிவு 2023இல் வெளியானது. காசநோயாளியின் குடும்பத்தாருக்கு அரிசி, பருப்பு ஆகியவற்றைக் கூடுதலாகக் கொடுத்தபோது, அவர்களுக்குள் புதிதாகக் காசநோய் வருவது 40 சதவீதம் அளவுக்குக் குறைந்தது. ஆகாரமும் மருந்துதான் என்று பாட்டிமார் சொன்னதை இன்று ஆய்வும் சொல்கிறது.

முட்டை இன்னொரு விதத்திலும் மருத்துவத்திற்கு ஊழியம் செய்கிறது. 1931இல் அமெரிக்காவில் குட்பாஸ்டர் என்ற மருத்துவரும் அவருடன் பணிபுரிந்தவர்களும் கருவுள்ள கோழி முட்டைக்குள் வைரஸை வளர்க்க முடியும் என்று காட்டினார்கள். அந்த வழியில் வந்ததுதான் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. அதற்காக மாக்ஸ் தைலர் 1951இல் நோபல் பரிசு பெற்றார். ஆப்பிரிக்காவுக்குப் போகும் நம் பிள்ளைகள் போட்டுக்கொள்ளும் அந்த ஊசி மருந்து, நம் நாட்டில் கசௌலியில் தயாராகிறது. ஊசி போடும் முன் "முட்டை உங்களுக்கு ஒத்துக்கொள்ளுமா?" என்று கேட்பது இதனால்தான்.

இவ்வளவு நன்மை இருந்தும், வார்டில் நாங்கள் அடிக்கடி காண்பது வேறு. அதை உங்களிடம் மறைக்காமல் சொல்ல விரும்புகிறோம்.

பிரசவித்த தாயிடம் "முட்டை சாப்பிட்டாயா, அம்மா?" என்று கேட்டால், "பிள்ளைக்கு மாந்தம் வரும் என்று மாமியார் வேண்டாம் என்றார்கள்" என்கிறாள். அம்மை கண்ட வீட்டில் முட்டை வாசலோடு நின்றுவிடுகிறது. "முட்டை சூடு, ஐயா" என்று இருமிக்கொண்டே ஒரு பெரியவர் சொல்கிறார். இன்னொரு பக்கம், வயதுக்கு வந்த பெண்ணுக்குப் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. பெண்ணுக்குச் சத்து வேண்டும் என்ற அந்த எண்ணம் மிக நல்லது. ஆனால் பச்சை முட்டையின் புரதத்தில் பாதியளவுதான் உடம்பில் சேருகிறது. வேகவைத்தால் பெரும்பங்கு சேர்ந்துவிடுகிறது. கிருமிப் பயமும் இல்லை. ஆகவே எண்ணத்தை வைத்துக்கொள்வோம், முட்டையை வேகவைத்துக்கொள்வோம். கர்ப்பிணிகளும் நோயாளிகளும் ஆஃப் பாயிலைத் தவிர்ப்பது நல்லது.

குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால், முட்டையைத் தலையைச் சுற்றி முச்சந்தியில் உடைப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களை நாங்கள் ஏளனம் செய்வதில்லை. பிள்ளை பிழைக்க வேண்டும் என்ற தவிப்பில் செய்கிறார்கள். ஆனால் மனதிற்குள் ஒரு வேதனை: அந்த முட்டை பிள்ளையின் தலையைச் சுற்றிப் போகிறது, வாய்க்குப் போவதில்லை.

எல்லாவற்றிலும் பெரிய காரியம் ஒன்று இருக்கிறது. சுற்றுக் கிராமங்களில் கோழி வளர்ப்பது பெரும்பாலும் பெண்கள். கூட்டைத் திறப்பது அவள், தவிடு வைப்பது அவள், கீரிப்பிள்ளையைத் துரத்துவது அவள். முட்டையை விற்று வரும் காசு அவளுடைய சிறுவாட்டுப் பணம். நோட்டுப் புத்தகத்திற்கும் பஸ் கட்டணத்திற்கும் அதுதான். வீட்டில் ஒரு முட்டை மீந்தால் அது உழைத்து வரும் புருஷனுக்கு. இரண்டு மீந்தால் மகனுக்கும். சுரங்கத்தில் இரவு ஷிப்ட் முடித்து வருபவருக்கு முட்டை வேண்டாம் என்று சொல்லமாட்டோம். அவர் உடம்பும் தேய்கிறது. ஆனால் இரத்த சோகையோடு எங்களிடம் வருவது யார்? கோழி வளர்த்த அந்தத் தாய். வார்டில் நோயாளிக்கென்று கொடுக்கும் அவித்த முட்டையையும் அவள் முந்தானையில் முடிந்து வைத்து, சாயங்காலம் பார்க்க வரும் பிள்ளைக்குக் கொடுத்துவிடுகிறாள். செவிலியர் கண்டித்தால், "எனக்கு வேண்டாம் சிஸ்டர், அவன் சாப்பிட்டால் நான் சாப்பிட்ட மாதிரி" என்கிறாள். அன்புதான். ஆனால் அவள் சாப்பிட்ட மாதிரி ஆகாது. எங்கள் செவிலியர் இப்போது ஒரு வழி கண்டிருக்கிறார்கள். பிள்ளை வரும் நேரம் பார்த்து இரண்டு முட்டைகளாகக் கொடுத்து, "இது அவனுக்கு, இது உங்களுக்கு. இரண்டு பேரும் என் முன்னால் சாப்பிடுங்கள்" என்று சொல்லிப் பக்கத்திலேயே நிற்கிறார்கள்.

இங்குள்ள பெரியவர்களில் சிலர் "எங்களுக்குக் கொலஸ்ட்ரால், முட்டையை நிறுத்தி இருபது வருஷம் ஆகிறது" என்று சொல்வதுண்டு. 1968இல் அமெரிக்க இருதய சங்கம் வாரத்திற்கு மூன்று மஞ்சள் கருவுக்கு மேல் வேண்டாம் என்று சொன்னது. அந்தப் பயம் நம் ஊர் வரை வந்தது. பிற்பாடு வந்த ஆய்வுகளால் அந்தக் கண்டிப்பு தளர்ந்துவிட்டது. ஆரோக்கியமுள்ள பெரும்பாலோருக்குத் தினம் ஒரு முட்டை கெடுதலல்ல என்பதே இன்றைய பொதுவான கருத்து. சர்க்கரை வியாதியும் இருதய வியாதியும் உள்ளவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டாரைக் கேட்க வேண்டாம்.

பண்டிகை முட்டையும் குதிரை முட்டையும்

உயிர்த்தெழுதல் பண்டிகைக்கும் முட்டைக்கும் உள்ள தொடர்பைச் சிலர் கேட்பதுண்டு. முற்காலத்தில் மேல்நாட்டுச் சபைகளில் லெந்து நாட்களில் மாமிசத்தோடு முட்டையும் விலக்கப்பட்டது. கோழிக்கு லெந்து தெரியாதே! அது இட்டுக்கொண்டேயிருந்தது. நாற்பது நாளில் சேர்ந்த முட்டைகள் பண்டிகையன்று பந்திக்கும் பிள்ளைகளின் கைக்கும் வந்தன. கிழக்கத்திய சபையார் அவற்றைச் சிவப்புச் சாயத்தில் தோய்ப்பார்கள். மூடிய கல்லறை திறந்ததற்கு உடையும் ஓடு அடையாளம் என்பார்கள். கேரளத்தில் சிரியன் கிறிஸ்தவர்கள் ஐம்பது நாள் நோன்பில் மீன், மாமிசம், முட்டை எல்லாவற்றையும் விலக்குவது இன்றும் உண்டு. நமக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. நோன்பில் மிச்சமானது வீட்டுப் பெட்டிக்குள் போகவில்லை; பண்டிகையில் பகிரப்பட்டது.

நமக்கு அருகில் ஏலாக்குறிச்சியில் ஊழியம் செய்த வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையில் ஒரு குதிரை முட்டை வருகிறது. சீடர்கள் பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று நம்பி விலை கொடுத்து வாங்கி வருவார்கள். அது விழுந்து உடைய, புதரிலிருந்து ஓடிய முயலைக் குதிரைக்குட்டி என்று துரத்துவார்கள். சிறு வயதில் எல்லாரும் சிரித்த கதை. ஆனால் நாமும் குதிரை முட்டை வாங்குகிறவர்கள்தான். விளம்பரத்தில் வரும் சத்து மாவு டப்பாவிற்குக் கூலிக்காரத் தகப்பன் மூன்று நாள் கூலியைக் கொடுத்துவிடுகிறார். அந்தப் பணத்திற்கு எத்தனை முட்டை, எவ்வளவு கடலை, எத்தனை கட்டுக் கீரை வரும் என்று அவருக்குச் சொல்ல ஆளில்லை. சொல்ல வேண்டியவர்கள் நாம் அல்லவா?

ஆகவே இன்றிரவு வீட்டிற்குப் போனதும் ஒரு சிறு கணக்குப் பாருங்கள். இந்த வாரம் வாங்கிய முட்டைகளில் யார் யார் எத்தனை சாப்பிட்டார்கள்? சமைத்தவர் சாப்பிட்டாரா? பாத்திரம் தேய்க்க வரும் அம்மாளின் பிள்ளை சாப்பிட்டதா? முட்டை உண்ணாத வீடாயிருந்தால், பாலையும் பருப்பையும் வைத்து இதே கணக்கைப் போடுங்கள். விடை ஒன்றாகத்தான் இருக்கும். யாருக்கும் சொல்ல வேண்டாம். கணக்கு சரியில்லை என்றால் நாளைக் காலையில் சரிசெய்து விடுங்கள்.

பிள்ளை முட்டை கேட்டால் தேளைக் கொடுக்கிற தகப்பனும் தாயும் நம் ஊரில் இல்லை. கேட்கத் தெரிந்த பிள்ளைக்கு எப்படியாவது கொடுத்துவிடுகிறோம். கேட்காமலே இருந்து பழகியவர்கள் சிலர் நம் வீட்டிலும் வார்டிலும் இருக்கிறார்கள். அவர்கள் தட்டை நாம்தான் எட்டிப் பார்க்க வேண்டும்.

வெளியே காப்பியும் பலகாரமும் வைத்திருக்கிறார்கள். அவித்த முட்டையும் உண்டு. வேண்டாதவர்களுக்கு வாழைப்பழமும் உண்டு.